மேலே போகும் வெல்லம்

மூன்று வருஷமாக வேலைவாய்ப்பு அலுவலகத்துப் படியைத் தேய்த்த அன்புச்செல்வனுக்கு ஒருவழியாக ஆசிரியர் வேலைக்கான உத்தரவு தபாலில் வந்தது. வந்த அன்று வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. காரணம், வேலை கல்வராயன் மலையில். மூங்கிலோடை என்ற ஊரில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில்.

“மலைக்கா?” என்று அவன் அம்மா அமிர்தம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அங்க குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட சாராயத்தத்தான் மொண்டு குடுப்பாங்களாம். வூட்டுக்கு வூடு ஊறல் போட்டுக்கினு கெடக்கறாங்களாம்.”

அமிர்தம் தன் ஆயுளில் மலைப் பக்கம் கால் வைத்ததில்லை. கள்ளக்குறிச்சி சந்தைக்குப் புளியும் கடுக்காயும் விற்க வருகிற மலைக்காரர்களைத் தூர நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் மலையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நம் ஊர்களில் அப்படித்தான். பார்க்காத ஊரைப் பற்றித்தான் ஆளுக்கொரு புராணம் வைத்திருப்போம்.

அன்புச்செல்வனும் அம்மா பிள்ளைதான். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறே மாதத்தில் மாமாவைப் பிடித்துக் கீழே மாற்றல் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான். செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து என்று கடைசி வரியில் டைப் அடித்திருந்தது.

அது எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்தது சரியாக அந்த வாரத்தில்தான். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. அன்புச்செல்வனின் ஊரான வேப்பந்தாங்கல் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கம். மறியலின் மூன்றாம் நாள் அந்த ஊர் முனையில் ஒரு போலீஸ் ஜீப் எரிந்தது. கொளுத்தியவன் யார் என்று ஊருக்கே சரியாகத் தெரியாது. அன்புச்செல்வன் முதல் நாள் சாலையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு குடம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கே அமிர்தம் அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி நடந்தே கிளம்பினான். கள்ளக்குறிச்சியில் சிநேகிதன் வீட்டில் படுத்துவிட்டு, மறுநாள் கருக்கலில் கச்சிராயபாளையம் வழியாக நடையைக் கட்டினான். உத்தரவையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வயிற்றோடு கட்டியிருந்தான். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் மாற்று வேட்டியும் துண்டும். “வழியில மலைக்காரங்களைப் பாத்தா வாத்தியாரு வேலைக்குப் போறேன்னு வாயைத் தொறக்காத. சர்ட்டிபிகேட்டப் புடுங்கிக்கினு வுட்டுட்டா இன்னா பண்ணுவ?” என்று அம்மா சொல்லியிருந்தாள். சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கி அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. தலையில் ஒரு கோணி மூட்டையோடு, அதைத் தாண்ட முடியாமல் ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

“தம்பி, ஒரு கை புடி” என்றாள்.

மூட்டையை வாங்கி அந்தப் பக்கம் வைத்தான். விரலெல்லாம் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான். வெல்லம். கறுப்பு வெல்லம், எப்படியும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. வெல்லத்தைக் கரைத்துப் போடுகிற, அம்மா சொன்ன சாராய ஊறல் அவன் நினைவில் வந்து நின்றது.

“இம்மாம் வெல்லம் எதுக்குங்க?”

“பசங்களுக்கு.”

“எத்தினி பசங்க?”

“முப்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

தன்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது. காய்ச்சுகிறவள் வாயில் உண்மையா வரும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் பெயர் செவ்வந்தி. நடக்க நடக்க அவளே பேசிக்கொண்டு வந்தாள். “நீ இன்னா ஜோலியா மலைக்கு வர்ற?” என்று கேட்டாள்.

“கடுக்கா ஏவாரம்” என்றான் அன்புச்செல்வன், அம்மா சொல் தட்டாமல்.

“அதான பாத்தேன். கீழ்நாட்டுக்காரங்க ரெண்டே தினுசு. ஒருத்தன் தராசுல கைய வெப்பான். இன்னொருத்தன் மரத்த வெட்டி ரோட்டுல போடுவான். நீ மொத தினுசு.”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும், எதற்காக மரம் விழுந்தது என்று? விறைத்துக்கொண்டு நடந்தான். இரண்டு மைல் தூரம் சேர்ந்து போனார்கள். அந்த இரண்டு மைலில் ‘வாத்தியார்’ என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்திருந்தால் போதும், அன்றைக்கு நடந்த எதுவுமே நடந்திருக்காது.

மலையடிவாரத்துக்கு அரை மைல் இருக்கும்போது எதிரே ஒருவர் காலி பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாவாடை என்ற பால்காரர். செவ்வந்தியைத் தெரிந்தவர் போலிருக்கிறது.

“வழக்கமா நிக்கற போலீஸ் இல்ல இன்னிக்கு. வெளி மாவட்டத்துல இருந்து எறக்கி இருக்கானுங்க” என்றார். “ஆம்பளையா இருந்தா எந்த ஊருன்னுதான் மொதக் கேள்வி. வேப்பந்தாங்கல்னு சொன்னா பேச்சே இல்ல, வேன்ல ஏத்திடறான். ஜீப் எரிச்ச ஊராம். ஏழெட்டுப் பேரப் புடிச்சு வச்சிருக்கான்.”

அவர் போய்விட்டார். அன்புச்செல்வன் நடையை நிறுத்திவிட்டான். வழக்கில் பெயர் ஏறினால் அரசு வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. வயிற்றில் கட்டியிருக்கும் உத்தரவிலேயே ‘வேப்பந்தாங்கல்’ என்று முகவரி கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைக் காட்டினாலும் ஆபத்து, காட்டாவிட்டாலும் ஆபத்து.

செவ்வந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். “நீ எந்த ஊரு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“ஓ, ரெண்டாவது தினுசா!” என்றாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தாள். “பேன்ட்ட அவுத்துட்டு வேட்டியக் கட்டு. துண்டத் தலையில உருமா கட்டிக்க. செருப்பப் பையில போடு. இந்த மூட்டையத் தூக்கிக்க. எனுக்கும் கழுத்து வலிக்குது, ரெண்டு பேருக்கும் ஆவும். வாயத் தொறக்காத. என் தம்பின்னு சொல்லிக்கறேன்.”

அவன் சொன்னபடி செய்தான். வேறு வழி தெரியவில்லை.

அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு நீல வேன். இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். புளியமரத்து நிழலில் நாற்காலி போட்டு எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார்.

“எந்த ஊரு?”

“மூங்கிலோடைங்க. மலை. இவன் என் தம்பிங்க” என்றாள் செவ்வந்தி.

மூங்கிலோடை என்ற பெயர் காதில் விழுந்ததும் அன்புச்செல்வனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வேலைக்குப் போகிற அதே ஊர். யோசிக்க நேரமில்லை. போலீஸ்காரர் தடியால் மூட்டையைத் தட்டினார். தடியின் நுனியில் பாகு ஒட்டிக்கொண்டது. அதை விரலில் தொட்டுப் பார்த்தவரின் முகம் மாறிப்போனது.

“வெல்லம் சார்!” என்று எஸ்.ஐ.யைப் பார்த்துக் கத்தினார். “இப்ப மேல வெல்லம் போவுது, பத்து நாள்ல கீழ சாராயம் வரும். டேய், யாருதுடா இது?”

கேள்வி அன்புச்செல்வனிடம். தடி தோள் உயரத்தில் நின்றது. தன்னுடையது என்றால் சாராயக் கேஸ். வாத்தியார் என்று சொன்னால் ஜீப் கேஸ். மூட்டையின் கனத்தில் கழுத்து நடுங்கியது. எப்படியும் இவள் காய்ச்சுகிறவள்தானே, தெரிந்துதானே தூக்கி வந்தாள், நான் எதற்குச் சாக வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அவங்களுதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன்.”

செவ்வந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

“மூட்டைய எறக்குடா. ஓடுடா இங்கேர்ந்து” என்று பிடரியில் ஓர் அறை விழுந்தது. அவன் மூங்கிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனான். பின்னால் செவ்வந்தியின் குரல் கேட்டது. “பசங்களுக்குங்க... முப்பத்தெட்டுப் பசங்க...” போலீஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் மலைப்பாதையில் ஏறினான்.

மூன்று மணி நேர ஏற்றம். பிடரி எரிந்துகொண்டே இருந்தது. மலைக்காரன் என்று நினைத்துத்தானே அடித்தான், நம் ஆளாக இருந்தால் அடித்திருப்பானா என்று ஒரு யோசனை ஓடியது. அப்படியானால் மலைக்காரர்கள் வாரா வாரம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் இந்த அறையை வாங்கிக்கொண்டுதான் போகிறார்களா? அந்த யோசனையை அவன் வளர்க்க விரும்பவில்லை. ஓர் ஓடையில் முகம் கழுவி, மறுபடி பேன்ட் மாட்டிக்கொண்டான்.

மூங்கிலோடைப் பள்ளி ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம். தலைமையாசிரியர் கிறிஸ்துதாஸ் வாசலுக்கே வந்துவிட்டார். திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, ஒரு காலை இழுத்து நடப்பார்.

“வந்துட்டீங்களா! இந்த மறியல்ல எங்க வரப்போறீங்கன்னு நெனச்சேன். இதுக்கு முன்ன மூணு பேரு போஸ்டிங் வாங்கினாங்க, ஒருத்தரும் தங்கல. உள்ள வாங்க. வழியில எங்க சமையக்கார அம்மாவப் பாத்தீங்களா? செவ்வந்தின்னு பேரு.”

அன்புச்செல்வன் பிடரியைத் தடவிக்கொண்டான்.

“ஒரு வாரமா அரிசி லாரி வரல. புள்ளைங்க வூட்டுல இருந்து ஆளுக்குக் கொஞ்சம் சாமை கொண்டாந்தாங்க. வெறும் சாமைக் கஞ்சி சின்னதுங்களுக்கு எறங்க மாட்டேங்குது. வெல்லம் போட்டாக் குடிக்கும்னு அந்த அம்மா நேத்தே கீழ எறங்கிப் போச்சு. பள்ளிக்கூடத்துச் சீட்டு எழுதித் தரேன்னேன். எதுக்கு சார், செக்போஸ்ட்டுல என்னைத் தெரியாதவங்க யாருன்னு கேட்டுட்டுப் போச்சு.”

வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அலுமினியத் தட்டுகள். அன்புச்செல்வன் எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தான். கண் தானாக எண்ணியது. முப்பத்தெட்டு.

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தன் ஊர்ப் பெயரையும் சொன்னான். அந்தப் பெயரைக் கேட்டதும் கிறிஸ்துதாஸ் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“வேப்பந்தாங்கலா? அங்கதான ஜீப்ப எரிச்சாங்க. நீங்க அதுல...”

“நான் இல்ல சார்.”

“ம். இல்லன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.”

காலையில் செவ்வந்தியைத் தானும் இப்படித்தான் நினைத்தது அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எனக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். வெல்லம் பள்ளிக்கூடத்துக்குன்னு. நான் போறேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் கிறிஸ்துதாஸ். குரல் இறங்கியிருந்தது. “நான் காலையில மெதுவாப் போறேன். என் காலுக்கு இன்னிக்கு எறங்க முடியாது, புள்ளைங்களையும் தனியா விட முடியாது.”

“சாயங்காலம் வேன் கெளம்பிடும் சார். அப்புறம் கோர்ட்டு, ஜெயிலுன்னு போயிடுமே.”

“போவும்தான். ஆனா நீங்க உள்ள போனா சஸ்பெண்ட். வேலைக்குச் சேந்த அன்னிக்கே சஸ்பெண்ட் ஆன வாத்தியார்னு பேர் வரும். அப்புறம் வேலை தங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். அன்புச்செல்வன் கையெழுத்துப் போட்டான். மூன்று வருஷம் காத்துக் கிடந்த கையெழுத்து. அவசரத்தில் பெயர் கோணலாக விழுந்தது. கிறிஸ்துதாஸ் சீட்டு எழுதி, ‘இதைக் கொண்டு வருபவர் இப்பள்ளி ஆசிரியர்’ என்று சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. இரண்டு முறை வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது. வேன் கிளம்பியிருக்கக் கூடாது, கிளம்பியிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான். அதே வாயால் பாதியில் ஒருமுறை, கிளம்பியிருந்தால் என்ன செய்ய முடியும், நம்மால் ஆனதைச் செய்தோம் என்றும் சொல்லிக்கொண்டான். மனுஷ மனசு அவ்வளவு யோக்கியம்.

வேன் நின்றிருந்தது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டிருந்தார். புளியமரத்தடியில் மூட்டைக்குப் பக்கத்தில் செவ்வந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். போய்விடு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

எஸ்.ஐ. சீட்டை வாய்விட்டுப் படித்தார். ‘இப்பள்ளி ஆசிரியர்’ என்ற வரியில் செவ்வந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வந்த போலீஸ்காரர் அன்புச்செல்வனை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், இவன் காலையில மூட்ட தூக்கினு வந்தவன். இந்த அம்மாவோட தம்பி!”

“ஆமாங்க, என் தம்பிதாங்க. மூங்கிலோடைதாங்க” என்று செவ்வந்தி அவசரமாகக் குறுக்கே வந்தாள். “எங்க பள்ளிக்கூடத்துலதாங்க வாத்தியாரா இருக்கறான்.”

எஸ்.ஐ. சிரித்தார். சீட்டை மடித்து மூட்டையின் மேல் விட்டெறிந்தார். “மலைக்காரன், அதுல வாத்தியாரு? யார்கிட்டம்மா கத வுடற? ஊறல் போடறவனுக்கு ரப்பர் ஸ்டாம்ப் பண்ணத் தெரியாதா? ஏத்துங்கய்யா அந்த அம்மாவ. மூட்டையத் தூக்கி வேன்ல போடு.”

போலீஸ்காரர் மூட்டையில் கை வைத்தார். மலைக்காரனாகவே இருந்துவிட்டால் அன்புச்செல்வனுக்கு ஓர் அறையோடு போகும். வெல்லம் போகும், அவள் போவாள். அவன் மறுபடி மேலே போய், மாலைக் கஞ்சிக்கு மணியடிக்கலாம்.

அவன் சட்டையைத் தூக்கினான். வயிற்றில் கட்டியிருந்த முடிச்சு வியர்வையில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். பிளாஸ்டிக் உறையிலிருந்து உத்தரவை எடுத்து எஸ்.ஐ.யிடம் நீட்டினான்.

“நான் மலைக்காரன் இல்ல சார். இந்த அம்மா என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லுது. நான் வாத்தியாருதான். இதுல எல்லாம் இருக்குது.”

எஸ்.ஐ. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார். பெயரைப் படித்தார். பள்ளியின் பெயரைப் படித்தார். பிறகு முகவரிக்கு வந்தார். வேன் ஜன்னலில் பிடிபட்டவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன.

“வேப்பந்தாங்கல்” என்றார் எஸ்.ஐ.

“ஆமாங்க சார். ஆனா ஜீப்ப நான் கொளுத்தல.”

“அத ஸ்டேஷன்ல வந்து சொல்லு.” எஸ்.ஐ. காகிதத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “சீட்டு நெசந்தான். அந்த அம்மாவ வுடு. வெல்லத்தக் குடுத்துடு. இவன ஏத்து.”

செவ்வந்தி மூட்டையைத் தூக்கப் பார்த்தாள். தனியாக முடியவில்லை. அன்புச்செல்வன் குனிந்து ஒரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றி வைத்தான். போலீஸ்காரர் ஏனோ அதுவரைக்கும் சும்மா நின்றார்.

“வாத்தியாருன்னு வழியிலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. “பசங்க கேட்டா இன்னான்னு சொல்லட்டும், சார்?”

சார் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வந்து கையெழுத்துப் போட்டுட்டாருன்னு சொல்லுங்க” என்றான். “எந்த ஊரு வாத்தியாருன்னு கேட்டா, மறைக்காம வேப்பந்தாங்கல்னே சொல்லுங்க.”

வேனின் படி உயரமாக இருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவன் கை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.